ஒன்பது லிட்டரில் ஓங்கோல்

வேன் வராது என்பது காலை ஐந்தேகால் மணிக்குத்தான் தெரிந்தது. அப்போது மாப்பிள்ளை மோகன்குமார் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, கழுத்தில் மாலையோடு வீட்டு வாசலில் கிழக்கே பார்த்து நின்றுகொண்டிருந்தான். வேன்காரர் போனில் சுருக்கமாகப் பேசினார்.

"டீசல் இல்லபா. மூணு பங்க் சுத்திட்டேன், எல்லாத்துலயும் கயிறு கட்டி வெச்சிருக்கான். நீ வேற யாரையாவது பாத்துக்கோ."

டேங்கர் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி அன்றைக்கு நான்காவது நாள். கல்யாணம் ஆந்திராவில், ஓங்கோலில், பெண் வீட்டில். முகூர்த்தம் பதினொன்றிலிருந்து பதினொன்று ஐம்பத்தைந்துக்குள். சொந்தக்காரர்கள் எல்லாரும் முந்தின நாளே ரயிலில் போய்விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டைவிட்டு இறங்க நல்ல நேரம் அன்று விடியற்காலைதான் என்பதால் நாலு பேர் மட்டும் சுண்ணாம்புக்குளத்தில் தங்கியிருந்தார்கள்: மோகன்குமார், அவன் அம்மா கஸ்தூரியம்மாள், தாய்மாமன் ராஜவேலு, ராஜவேலுவின் மனைவி அமுதவல்லி. இனிமேல் ரயிலைப் பிடித்தால் ஓங்கோலில் இறங்கும்போது மத்தியானம் இரண்டு மணி ஆகிவிடும்.

கஸ்தூரியம்மாள் மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினாள்.

"ராஜவேலு, உன் வண்டிதான் பெட்ரோலே குடிக்காதே."

ராஜவேலு வாசலில் நின்ற தன் காரைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் இருபத்தாறு வருஷம் பழவேற்காடு முகத்துவாரத்தில் படகு ஓட்டியவர். இடுப்பு வலி வந்து கடலை விட்டபிறகு, நாலு மாதத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு புரோக்கரிடம் பழைய கார் ஒன்றை வாங்கினார். "ஹைபிரிட் வண்டிண்ணா. பாதி பெட்ரோல், பாதி கரண்ட்" என்று புரோக்கர் சொன்னதை அவர் ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லியாகிவிட்டது. காலை அழுத்தினால் பெட்ரோலில் ஓடும், காலை எடுத்தால் இன்ஜின் தூங்கிவிடும், பேட்டரி இழுத்துக்கொண்டு போகும். நம்பாதவர்களை உட்காரவைத்து ஓட்டிக்காட்டினார். பெட்ரோலை எவ்வளவு குறைவாகக் குடிக்கிறது என்று காட்டுவதற்காகவே ஒரு வாரமாக ஊரைச் சுற்றிச் சுற்றி வந்ததில் டேங்க் கால் பங்குக்கு இறங்கியிருந்தது.

"கால் டேங்க்தான்கா இருக்குது" என்றார்.

"கால் டேங்க்னா?"

"ஒம்பது லிட்டர் இருக்கும்."

"ஊருக்கே பாடம் நடத்துனியே, ஒரு டேங்க்கு ஆயிரம் கிலோமீட்டர்னு. கால் டேங்க்குன்னா எரநூத்தி அம்பது. ஓங்கோலு எவ்ளோடா?"

மோகன் போனைப் பார்த்தான். "எரநூத்தி நாப்பது."

"பத்து மிச்சம்" என்றாள் கஸ்தூரியம்மாள். நண்டு ஏலத்தில் முப்பது வருஷம் நின்றவள். அவளிடம் கூட்டல் கழித்தலில் தப்பிக்க முடியாது.

ராஜவேலு வண்டிச் சாவியைத் திருப்பினார். டேஷ்போர்டில், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டுகிற இடத்தில் எண் எழுந்து நின்றது: 168.

நாலு பேரும் அதைக் குனிந்து பார்த்தார்கள்.

"இது பெட்ரோலுக்கு மட்டும் காட்டுது" என்றார் ராஜவேலு. "பேட்டரிக் கணக்கு இதுல வராது."

அப்படி வருமா வராதா என்று அவருக்குத் தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தபிறகு அதை அவரே நம்பத் தொடங்கினார்.

"ஹைவேயில ஹைபிரிட்டுக்கு அவ்ளோ மைலேஜ் வராதுன்னு படிச்சேன் மாமா" என்றான் மோகன். அவன் இறால் பண்ணையில் தண்ணீர் பரிசோதனை செய்கிறவன். எதையும் படித்துவிடுவான். "டவுன்ல நின்னு நின்னு போனாத்தான் பேட்டரி சார்ஜ் ஏறுமாம். நேரா ஓடுனா முழுக்க இன்ஜின்தான் இழுக்குமாம்."

"படிச்சவன் நீ. ஓட்டுறவன் நான். ஏறு."

ஏறுவதற்குமுன் ராஜவேலு வண்டியைச் சுற்றி வந்தார். படகு கிளப்பும் முன்பு சுற்றிப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். டிக்கியைத் திறந்து சீர்வரிசைப் பித்தளைக் குடங்கள் இரண்டையும் இறக்கினார். குத்துவிளக்கை இறக்கினார். அரிசி மூட்டையை இறக்கினார். கடைசியில் ஸ்டெப்னியையும் தூக்கி வாசலில் போட்டார்.

"இன்னாயா, டயரைக் கூடவா?" என்றாள் அமுதவல்லி.

"பதினாலு கிலோ. சும்மா தூங்கிகினு வர்ற பாரம்."

"படகை வித்துட்டு இதை வாங்குறப்பவே சொன்னேன். தண்ணில ஓட்டுனவனுக்கு ரோட்டுல இன்னா தெரியும்னு."

ராஜவேலு டிக்கியைச் சாத்தினார். நாலு மாதமாக அவள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவரும் நாலு மாதமாக இதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பினார்கள்.

ஆரம்பாக்கம் போகிற சாலையில் பழவேற்காடு ஏரி வலது பக்கம் வெளுத்துக்கொண்டிருந்தது. மாசிக் கடைசி. தண்ணீர் வற்றிய ஓரங்களில் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. ஒரு சின்னப் பாலம் ஏறி இறங்கும்போது ராஜவேலு காலை எடுத்தார். இன்ஜின் சத்தம் அடங்கியது. வண்டி காற்றில் மிதக்கிற மாதிரி இறங்கியது. சாலைக்குப் பத்தடி தள்ளி நின்ற பறவைகள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பாத்தியாக்கா. பேட்டரி."

கஸ்தூரியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். பறவையையா, பேட்டரியையா என்று சொல்ல முடியாது.

நெடுஞ்சாலை ஏறியதும் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். வழக்கமாக அங்கே லாரிகள் மூச்சுமுட்ட ஓடும். இன்றைக்கு ஆறு வழிச் சாலையும் மொட்டையாகக் கிடந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வண்டி இல்லை. நடுவில் வைத்த அரளிச் செடிகளில் குருவி கத்துவது காதில் விழுந்தது. பிறந்ததிலிருந்து அந்தச் சாலை ஓரத்திலேயே வளர்ந்த மோகன் அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் பார்க்கிறவன்போல் பார்த்தான்.

"கடல் மாதிரி கிது" என்றார் ராஜவேலு.

அவர் ஐம்பத்தைந்தில் வண்டியை நிறுத்தினார், அதாவது வேகமானியில். முள் அதற்குமேலும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஆக்ஸிலரேட்டர்மேல் அவர் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்கும் என்று அதுவும் கிடையாது. தடா தாண்டுவதற்குள் மாப்பிள்ளையின் நெற்றிச் சந்தனம் மூக்குவரை வந்துவிட்டது.

"மாமா, ஒரு விரல் அளவு திறந்துக்கறேன்."

"அரை விரல்."

சூளூர்பேட்டைக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ அவர்களைத் தாண்டிப் போனது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் மாலை போட்ட மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஆட்டோ தாண்டிகினு போறான்டா" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"போவட்டும்."

சுங்கச்சாவடியில் நின்றபோது இன்ஜின் தானாகவே அணைந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானாகவே எழுந்தது. அமுதவல்லிகூடக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தாள். அடுத்து சாலை லேசாக இறங்குகிற இடம் ஒவ்வொன்றிலும் ராஜவேலு காலை எடுத்தார். அரை கிலோமீட்டர், முக்கால் கிலோமீட்டர், வண்டி சத்தமில்லாமல் ஓடியது. எங்கேயாவது மாடு குறுக்கே வருவது தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போதே காலை எடுத்துவிடுவார். அவர்கள் போய்ச் சேரும்போது மாடு கடந்து போயிருக்கும். நாயுடுபேட்டைவரை ஐம்பத்துமூன்று கிலோமீட்டரில் அவர் சாவடி தவிர வேறெங்கும் பிரேக்கைத் தொடவில்லை.

"நூத்தி இருபத்தேழு" என்று கஸ்தூரியம்மாள் ஏலக்குரலில் அறிவித்தாள்.

மோகன் மனசுக்குள் கணக்குப் போட்டான். ஐம்பத்துமூன்று ஓடியிருக்கிறது. எண் நாற்பத்தொன்றுதான் குறைந்திருக்கிறது. மறுபடியும் போட்டான். அதேதான் வந்தது.

"மாமா, ஓடுனதைவிட கம்மியா குறையுது."

"சொன்னேனா இல்லியா."

ராஜவேலுவுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. கடலில் அவர் தனியாள். எவ்வளவு டீசல், எந்தக் காற்று, எவ்வளவு தூரம், திரும்பி வரும்போது முகத்துவாரத்தில் இழுப்பு எப்படி இருக்கும், எல்லாம் அவர் தலையில்தான். அரை கேன் டீசலை வைத்துக்கொண்டு எதிர்க்காற்றில் கரை சேர்ந்த நாட்கள் உண்டு. அந்தக் கவலையையெல்லாம் ஒரு வண்டி தானாகவே பார்த்துக்கொள்கிறது என்றால், அதைக் கண்டுபிடித்தவன் காலில் விழலாம் என்று நினைத்தார்.

அப்போது பெண்ணின் அப்பா கங்காதரனிடமிருந்து போன் வந்தது.

"சம்பந்தி, நாயுடுபேட்டையிலயா இருக்கீங்க? ரொம்ப நல்லதாப் போச்சு. மேளக்காரங்க வண்டியும் வரல. நாதஸ்வரம் இங்கியே ஒருத்தர் கெடச்சுட்டார். தவில் ரங்கன் மட்டும் பஸ் ஸ்டாண்டாண்ட நிக்கிறார். ஏத்திகினு வந்துடுங்க."

கஸ்தூரியம்மாள் சரி என்று சொல்லிவிட்டாள். சம்பந்தி வாய்திறந்து கேட்ட முதல் உதவி.

ரங்கன் நல்ல ஆகிருதி. அவரைப் பார்த்ததும் ராஜவேலு கண்ணை மூடிக்கொண்டார். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. பக்கத்தில் தவில்.

"தவிலை இங்கியே எங்கியாவது வெச்சுட்டு வரலாமாண்ணா?" என்று ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

ரங்கன் தெலுங்கு கலந்த தமிழில், அதைவிடப் பணிவாகச் சொன்னார். "வெக்கலாம் நைனா. நான் கைதட்டிப் பாத்துக்கறேன்."

தவில் ஏறியது. பின்சீட்டில் மூன்று பேர், முன்சீட்டில் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் மடியில் தவில். வண்டி எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் மோகனின் தாடை தவிலில் இடித்து 'தொம்' என்று கேட்டது. ஒவ்வொரு 'தொம்'முக்கும் ரங்கன் பின்னாலிருந்து, "மெதுவா, மெதுவா, தோலு பத்திரம்" என்றார்.

நெல்லூர் தாண்டும்போது எண் 75. ஓங்கோலுக்கு இன்னும் நூற்றிருபத்தொன்று. கிளம்பும்போது எழுபத்திரண்டு கிலோமீட்டர் பற்றாக்குறை, இப்போது நாற்பத்தாறுதான். புதிதாக ஏறிய ரங்கனுக்கு மோகன் இதை விளக்கினான். ரங்கன் கேட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து, எட்டி, டேஷ்போர்டில் பூசினார்.

கோவூர் தாண்டியதும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தடதடவென்றது.

இறங்கிப் பார்த்தார்கள். பின்டயர் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

ஸ்டெப்னி சுண்ணாம்புக்குளத்தில் வாசலில் கிடக்கிறது. அமுதவல்லி கணவனை ஒருமுறை பார்த்தாள். அவள் திட்டியிருந்தால்கூட ராஜவேலுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அரை கிலோமீட்டரில் ஒரு பங்சர் கடை இருந்தது. மோகன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். கடைக்காரர் குப்பன் கடையைப் பூட்டிவிட்டுத் தன் வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டுக்கு ஆள் அனுப்பி அழைத்துவரவே முக்கால் மணி நேரம் ஆனது. வந்தவர் சாமான்களோடு கார்வரை வந்து, ஆணியைப் பிடுங்கி ஓட்டையை ஐந்து நிமிஷத்தில் அடைத்துவிட்டார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"காத்து?" என்றார் ராஜவேலு.

"கம்ப்ரஸர் பெட்ரோல்ல ஓடுறது. பெட்ரோல் இல்ல. ஒரு கால் லிட்டர் உங்க வண்டியிலேருந்து எடுத்துக் குடுத்தா ரெண்டு நிமிஷ வேலை."

"கால் லிட்டர்னா ஆறு கிலோமீட்டர்."

"அப்பன்னா கைப்பம்ப்தான்."

எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். ராஜவேலுவுக்கு இடுப்பு. ரங்கனுக்கு, தவில் வாசிக்க வேண்டிய கை. குப்பனுக்கு அறுபத்தெட்டு வயது.

மோகன் மாலையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு அடிக்க ஆரம்பித்தான். முந்நூறு அடி அடித்தபோது டயர் உருண்டது. போதும் என்று நிமிர்ந்தான்.

"இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றார் ராஜவேலு. "டயரு கல்லு மாதிரி இருந்தாத்தான் சுளுவா உருளும். மத்த மூணுத்துக்கும் போடு."

"மாமா, எனக்கு இன்னிக்குக் கல்யாணம்."

"அதுக்குத்தான்டா போடச் சொல்றேன்."

கிளம்பும்போது மணி ஒன்பது ஐம்பது.

இப்போது சிக்கல் இரண்டாகிவிட்டது. மெதுவாகப் போனால் பெட்ரோல் வரும், முகூர்த்தம் போய்விடும். வேகமாகப் போனால் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே பெட்ரோல் போய்விடும். அமுதவல்லி முதல்முறையாகக் கணவனிடம் சாதாரணக் குரலில் கேட்டாள்.

"இன்னாயா பண்ணப்போற?"

ராஜவேலு ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, விரல்களைக் கொஞ்சநேரம் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தார். சாலையோரக் கொடிக்கம்பம் ஒன்றைப் பார்த்தார். கொடி வடக்கே பறந்தது.

"சோழகம் எழுந்துடுச்சு" என்றார். தெற்கிலிருந்து வீசும் காற்றுக்கு அவர்கள் பக்கத்துப் பேர் அது. "முதுகுல தள்ளுது. அறுபத்தஞ்சுல போனாலும் அம்பத்தஞ்சுல போற செலவுதான் ஆவும். வண்டி பாத்துக்கும்."

அறுபத்தைந்துக்கு ஏற்றினார். காற்றும் காரும் ஒரே திசையில் போனதால் உள்ளே ஒரு விசித்திரமான அமைதி வந்தது. வழியெல்லாம் மூடிக்கிடந்த பங்க்குகளில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. பெரிய பெரிய கார்கள், வேன்கள், ஒரு ஆம்புலன்ஸ்கூட. அவற்றில் சாய்ந்து நின்றவர்கள், தவிலைக் கட்டிப்பிடித்தபடி மாலையோடு போகிற மாப்பிள்ளையை வாய்பிளந்து பார்த்தார்கள். அந்த முழுச் சாலையில் அவர்கள் வண்டி ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

காவலி. எண் 32. தூரம் அறுபத்தாறு.

"பாதிக்குப் பாதிதான் இருக்குது" என்றாள் கஸ்தூரியம்மாள். குரலில் ஏலம் போய்ச் சாமி வந்திருந்தது.

சிங்கராயகொண்டா. எண் 8.

அப்புறம் யாரும் எண்ணைச் சொல்லவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். ஐந்து, மூன்று, ஒன்று. தங்குட்டூர் பக்கத்தில் எண் மறைந்து மூன்று கோடுகள் வந்தன. ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஓங்கோலுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்.

"மாமா" என்றான் மோகன் ரொம்ப மெல்ல, சத்தம் போட்டால் வண்டி நின்றுவிடும் என்பதுபோல. "இப்ப இன்னாத்துல ஓடுது?"

"பேட்டரியில."

ரங்கன் உதடு அசைந்துகொண்டிருந்தது. கஸ்தூரியம்மாள் தாலிப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். அமுதவல்லி கணவனின் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். புயல் சின்னம் என்று சொன்ன ஒரு ஐப்பசியில் அவர் படகு இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் முகத்துவாரத்தில் நுழைந்தபோது, கரையில் நின்று அவள் பார்த்த முகம். கண் நூறு அடிக்கு அப்பால், வாய் லேசாகத் திறந்து, எதையோ காதால் கேட்டுக்கொண்டிருக்கிற முகம்.

பாலம் ஏறும்முன் கொஞ்சம் வேகம் கூட்டினார். ஏறி முடியும்போது காலை எடுத்தார். இறங்கி, சமதரையில் வெகுதூரம் ஓடவிட்டு, மறுபடி தொட்டார். மறுபடி எடுத்தார். அந்த இருபத்தைந்து கிலோமீட்டரில் பாதி தூரத்துக்காவது இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, வண்டி போய்க்கொண்டே இருந்தது. பெட்ரோல் இல்லாமல் ஒரு கார் ஓடுகிறது, அதில் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பில் மோகனுக்குக் கை மயிர் கூச்செறிந்தது. கல்யாணம் என்பதையே அவன் கொஞ்சநேரம் மறந்துபோனான்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு மண்டப வாசலில் வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது.

"நின்னுடுச்சா, நிறுத்துனியா?" என்றாள் அமுதவல்லி.

"நிறுத்தினேன்."

மணமேடையில் பெண் ஆர்த்தி ஒருமணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். ஓங்கோலில் ஒரு இறால் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள். மூன்று வருஷம் தினமும் போனில் பேசி, இரண்டு வீட்டையும் கரைத்து இந்த மேடைக்குக் கொண்டுவந்தவள். மோகனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். அவன் சட்டை ஈரத்தில் உடம்போடு ஒட்டியிருந்தது. உள்ளங்கை இரண்டிலும் பம்ப் கொப்புளம். தாடையில் தவில் விளிம்பின் சிவப்புக் கோடு.

"ரோட்டுல வந்தியா, கடல் வழியா வந்தியா?" என்று கேட்டாள்.

"ஹைபிரிட்ல" என்றான் மோகன்.

பதினொன்று நாற்பத்தொன்பதுக்குத் தாலி ஏறியது. ரங்கன் தவில் அடித்த அடியில் மண்டபத்துத் தகரக்கூரை அதிர்ந்தது.

சாப்பாடு முடிந்ததும் கூட்டம் கல்யாணத்தை விட்டுவிட்டுக் காரைச் சுற்றி நின்றுகொண்டது. கங்காதரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாலு நாளாக வண்டி எடுக்காதவர்கள், பங்க்கில் விடிய விடிய நின்றவர்கள், ரயிலில் நசுங்கி வந்த சுண்ணாம்புக்குளத்துக்காரர்கள், எல்லாரும் அந்த வெள்ளைக் காரைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தார்கள். யாரோ பானெட்டில் ஒரு மாலையைப் போட்டிருந்தார்கள். கஸ்தூரியம்மாள் எண்கள் ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொல்லி, அதற்குப்பிறகு ஓடிய இருபத்தைந்து கிலோமீட்டரையும் சொன்னாள். ரங்கன் சாட்சி சொன்னார்.

ராஜவேலு நடுவில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"நாம ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா புடிச்சிகினு உக்காந்திருந்தாப் போதும். எப்ப பெட்ரோல், எப்ப கரண்ட்னு எல்லாம் அதுவே பாத்துக்கும். இருபத்தாறு வருஷம் கடல்ல நான் மண்டைய ஒடச்சிகினேன். இதுக்கு மண்டையே தேவையில்ல. சின்னப் புள்ளைகூட ஓட்டிடும்."

அமுதவல்லி பெண் வீட்டுப் பெண்களுக்கு நடுவில் நின்று, "எங்க வூட்டுக்காரர்தான் தேடிப் புடிச்சு வாங்குனார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு மாதத்தில் முதல்முறை. ராஜவேலு காதில் அது விழுந்தது. பேச்சை நடுவில் விட்டுவிட்டு, பானெட்டைத் துண்டால் ஒருமுறை துடைத்தார்.

"அந்த பேட்டரியக் கொஞ்சம் காட்டுங்க சம்பந்தி" என்றார் கங்காதரன்.

ராஜவேலு அதைப் பார்த்ததே இல்லை. எங்கே இருக்கும் என்றும் தெரியாது. கங்காதரன் தன் மகனைக் கூப்பிட்டார். ஆர்த்தியின் அண்ணன் விஜய் சென்னையில் பத்து வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, ஓங்கோலில் சொந்தமாகக் கார் ஷெட் வைத்திருக்கிறவன். வாரத்துக்கு இரண்டு மூன்று ஹைபிரிட் வண்டிகளாவது அவன் கைக்கு வரும். பட்டுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேலையில் இறங்கினான்.

பானெட்டைத் திறந்து பார்த்தான். பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தான். டிக்கிப் பலகையை எடுத்துப் பார்த்தான். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, போன் வெளிச்சத்தில் முன்னாலிருந்து பின்னால்வரை பார்த்தான். கால்மணி நேரம் ஆனது. ராஜவேலு அதற்குள் விளக்கத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்.

விஜய் வெளியே வந்தான். முதுகு மண்ணைத் தட்டிக்கொள்ளவில்லை. காரைப் பார்த்தான், ராஜவேலுவைப் பார்த்தான், நேராக வந்து அவர் எதிரில் கைகட்டி நின்றான்.

"மாமா, இது சாதா பெட்ரோல் வண்டி, நின்னா இன்ஜின் அணையுற வசதி மட்டும்தான் இருக்குது, வண்டிய இழுக்குற பேட்டரியும் இல்ல, கரண்ட்டும் இல்ல, ஒம்பது லிட்டர்ல இம்மாந்தூரம் எப்படி ஓட்டிகினு வந்தீங்கன்னு எனக்கும் கொஞ்சம் கத்துக் குடுங்க."